மூடி திறந்திருந்த டிரம்

1

காலை ஏழே கால். உள்ளங்கையில் ஒரு மாத்திரையோடு நின்றிருந்தேன். இதை யாராவது சோதித்திருப்பார்களா என்று தோன்றியது. இருக்காது. சோதிக்க வேண்டுமென்றால் பொடியாக்க வேண்டும். சோதித்த மாத்திரையை யாரும் விழுங்குவதில்லை. விழுங்குகிற மாத்திரையை யாரும் சோதித்ததில்லை. கதை அங்கே பிடித்துக்கொண்டது.

முதல் வரியாக எழுதியது: ஒரு பானைச் சோற்றுக்கு—

(அடித்துவிட்டேன். மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். தவிர, அது கிளறிய பானைக்குத்தான் பொருந்தும்.)

2

அவள் மருந்துத் தொழிற்சாலையில் பல வருடங்களாகத் தரம் பார்ப்பவள். வலிப்புக்கான மாத்திரை, ஒன்றில் சராசரியாக நூறு மில்லிகிராம் மருந்து இருக்க வேண்டும். முப்பது எடுத்துப் பார்த்தாள். சராசரி தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்பது.

(இங்கே கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.) மொத்தச் சரக்கின் சராசரி நூறுதான் என்று முதலில் வைத்துக்கொள்வார்கள். அப்படியிருந்தும் முப்பதில் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவென்றால் சரக்கை நிறுத்த வேண்டும். அவளுக்கு ஏழு வந்தது. நிறுத்தக் காரணம் போதவில்லை. சரக்கு நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே முத்திரைதான்.

குத்தினாள். கை கழுவும்போதுதான் உறைத்தது. முப்பதையும் ஒரே டிரம்மிலிருந்து எடுத்திருந்தாள். சரக்கு இருந்த பன்னிரண்டு டிரம்களில் அதற்குத்தான் மூடி திறந்திருந்தது.

3

இவ்வளவு அனுபவமுள்ளவள் இப்படிச் செய்வாளா என்று எனக்கே சந்தேகம். செய்வாள். மூடியின் இரும்பு வளையம் விரலைக் கடிக்கும். அங்கே எல்லோரும் திறந்த டிரம்மைத்தான் தேடுவார்கள்.

ஷிப்ட் பொறுப்பாளர் அவளுடைய அக்கா கணவர். மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் இடத்துக்கு டிரம்களைக் கொண்டுபோக லாரி வந்து நின்றிருந்தது. எல்லா டிரம்மிலிருந்தும் மறுபடி எடுக்க வேண்டும் என்றாள். அவர் சிரித்தார்.

“பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுக்கிறது தப்புன்னு எனக்குப் பாடம் எடுத்ததே நீதானேம்மா?”

வந்தது பிடித்த பதில்தான், எடுத்த விதம்தான் தவறு என்றாள். அவர் முத்திரையைக் காட்டினார். சும்மா இருந்த சங்கை ஊதாதே என்றார்.

(அவரை வில்லனாக்க நினைத்திருந்தேன். அவர் சொன்ன விதியோ சரியான விதி. வில்லன்கள் இப்படிப் பேச—)

4

அக்காவுக்கு வலிப்பு வைக்கலாமா என்று வெகுநேரம் தயங்கினேன். நீங்கள் பதற வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணைத் தரையில் விழவைப்பதா? வைத்துவிட்டேன். அவள் சாப்பிடுவது இந்த மாத்திரைதான். சமீபமாக விழவில்லை. தனியாகத் தெருவைக் கடக்கிறாள்.

முடிவு அ: மற்ற பதினொன்றும் சரியாக இருக்கின்றன. அத்தான் அதைச் சொல்லிச் சொல்லியே தங்கையை ஓட்டுகிறார்.

முடிவு ஆ: ஏழாவது டிரம்மில்

(எழுத வரவில்லை.)

எது உண்மை என்று எனக்கும் தெரியாது. நானும் திறந்து பார்க்கவில்லை.

ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அவள் கடைசி டிரம்மின் மூடிமேல் கைவைத்து நிற்கிறாள். கையை எடு என்கிறார் அவர். அவள் எடுக்கவில்லை.

“இந்தப் பன்னிரண்டுல அக்காவுக்கு எது வரும், அத்தான்?”