சவுரிமுத்துவின் ஒன்றரை சென்டிமீட்டர்

சகலமானவர்களுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில், இரும்புலியூரின் முதுகெலும்பு ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. குறைந்தது சவுரிமுத்துவின் முதுகெலும்பு மட்டும்தான். ஆனால் அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

அந்தோணியார் திருவிழாச் சப்பரத்தில் முன்பக்க வலது தோள் அவருடையது. மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே ‘சப்பரம், முன் வலது’ என்று அச்சடித்தவர் அவர். சப்பரம் தூக்கும் நாலு பேரும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்பதற்காகக் கோயில் பின்சுவரில் தோள்மட்டத்துக்கு ஒரு கரிக்கோடு உண்டு. போன வருடம் அவர் பக்கம் தாழ்ந்துபோக, அந்தோணியார் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பவரைப்போல ஜிஎஸ்டி ரோடு முழுக்கச் சாய்ந்தபடியே வந்தார்.

“இன்னாண்ணா, உங்க பக்கம் மட்டும் ரோடு பள்ளமா கீதா?” என்று முன் இடதிலிருந்து கேட்டான் ஆட்டோ ஐசக்.

“அடுத்த வருஷம் தோள் கோட்டைத் தொடலைன்னா வேற ஆள்தான்” என்றார் பங்குச் சாமியார். சவுரிமுத்துவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

ஊரப்பாக்கத்தில் டாக்டர் ஜோவிதா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். “ஒவ்வொரு எலும்புக்கும் நடுவுல ஜவ்வு இருக்கு பாருங்க அங்கிள். ஸ்பாஞ்ச் மாதிரி. வயசானா தேயும்.”

“எனக்குமா?”

“எனக்கே தேயும் அங்கிள். பகல்ல நடமாடினா அதுல இருக்கிற தண்ணி பிழிஞ்சு போயிடும், படுத்தா திரும்ப ஊறிக்கும். காலைல எழுந்திருக்கும்போது எல்லாருமே ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் உசரமாத்தான் இருப்போம்.”

மற்ற நோயாளிகள் மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தார்கள். சவுரிமுத்து திட்டத்தோடு வந்தார்.

சப்பரம் கிளம்புவது சாயங்காலம். எனவே முந்தின இரவு படுத்தவர், திருநாளன்று விடிந்தும் எழுந்திருக்கவில்லை. இட்லியைப் படுத்தபடியே விழுங்கினார். காபியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினார். பாத்ரூமுக்கு மட்டும் போனார். அதையும் ஜவ்வுக்குச் செய்த துரோகமாக எண்ணி ஓட்டமாக ஓடி வந்து விழுந்தார்.

“திருநாள் பூசைக்குக்கூட வரலியா?” என்றாள் மனைவி அருள்மேரி.

“நின்னா அமுங்கிடும்.”

“முழங்கால் போட்டா?”

“அதுவும்தான். நீ போய் எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ.”

பூசை முடிந்து திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், “ஏங்க, சாமியார் அறிவிப்புல ஒண்ணு சொன்னாருங்க...” என்று ஆரம்பித்தாள்.

“அப்புறம்!”

“சப்பரத்தப் பத்தித்தான்...”

“மேரி, எனக்கு டென்ஷன் ஏத்தாத. டென்ஷன் ஆனா தசை இறுகும், தசை இறுகினா ஜவ்வு நசுங்கும்.” இந்தக் கடைசி விதியை டாக்டர் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தது.

அருள்மேரி குழம்பு வைக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் கோயிலுக்குப் போக, ஐசக் கோயிலில் இருந்ததால், வேறொரு ஆட்டோ வந்தது. உட்கார்ந்தால் நிற்பதைவிட அதிகமாக அமுங்கும் என்பது தெரிந்தவர் ஆதலால் பின்சீட்டில் நீட்டிப் படுத்தார். வெள்ளை வேட்டி கட்டிய இரண்டு கால்கள் வெளியே நீண்டன. பின்னாலேயே நடந்து வந்த அருள்மேரியின் முகத்தையும் பார்த்த ஒரு மூதாட்டி, சிலுவை போட்டுக்கொண்டு, “எப்போம்மா எடுக்கறீங்க?” என்றாள்.

ஆட்டோ நேராகக் கோயில் பின்சுவருக்குப் போய் நின்றது. சவுரிமுத்து இறங்கினார், மூச்சை இழுத்தார், சுவரில் சாய்ந்து நிமிர்ந்தார். தோள் கரிக்கோட்டைத் தொட்டது.

“ஐசக்! வந்து பாருடா! மயிரிழை குறையுதா சொல்லு!”

ஐசக் வந்து குனிந்து பார்த்தான். அவனுக்கே ஆச்சரியம். “கரீட்டா கீதுண்ணா. சூப்பர்ண்ணா.”

“எங்க மத்த மூணு பேரு? வந்து நிக்கச் சொல்லு!”

“போன வாரமே நின்னுட்டோம்ணா. ஒருத்தன் தோளும் கோட்ட தொடல. எல்லாருக்கும் ஜவ்வு பூட்ச்சு.”

“அப்ப சப்பரத்த யார்றா தூக்கறது?”

ஐசக் கோயில் வாசலைக் காட்டினான். சாமந்திப்பூச் சரமும் சீரியல் பல்பும் சுற்றிய குட்டியானை வேன் ஒன்று நின்றது. அந்தோணியார் அதன்மேல் கயிறு போட்டுக் கட்டப்பட்டு, இம்மியும் சாயாமல் நின்றார்.

“அதத்தானே காலைலேர்ந்து சொல்ல வர்றேன்” என்றாள் அருள்மேரி.

ஐசக் டிரைவர் சீட்டில் ஏறி, பக்கத்து சீட்டைத் துண்டால் தட்டினான். “வாங்கண்ணா. முன் லெப்டு காலியாத்தான் கீது.”

சவுரிமுத்து ஏறி உட்கார்ந்தார். ஜவ்வு அமுங்கியது.