சூரியன் குதிக்கும் என்று சொன்னவன்

1. முன்னுரை

இக்கதை எனக்குச் சொந்தமானதன்று என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். பெரகலச் சந்தியில் பதுளைப் பேருந்துக்காகக் காத்து நின்ற ஒரு காலையில், எனக்கு முன்னால் நின்ற பெண்ணொருத்தி தன் கணவரிடம் ஒரு வாக்கியம் கூறினாள். “அங்க வந்து எண்ணிக்கங்க.” அவ்வளவே. எங்கே வருவது, எதை எண்ணுவது என்பதை நான் அறியேன். பேருந்து வந்தது. அவர்களுக்கு இருக்கை கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. ஆகையால் ஹப்புத்தளை வரையில் நின்றபடியே அக்கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பந்தியில் இடம் கிடைக்காதவன் அடுத்தவர் இலையைப் பார்ப்பது போல, அவர் தம் சொந்த மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது பொறாமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவளருகே வேறொருவரும் இல்லை. யார் மீது பொறாமை? இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டே இது எழுதப்படுகிறது.

2. தொடக்கங்கள்

முதலாவது தொடக்கம்: “கீழ்வானம் செம்பட்டு உடுத்தி, மலையரசன் பொன்முடி சூடி நின்ற அவ்வேளையிலே—”

[கைவிடப்பட்டது. நான் சிவனொளிபாதமலையில் ஏறியதில்லை. வாசகர்களாகிய தங்களுள் பலர் ஏறியிருப்பீர்கள். என் செம்பட்டைத் தாங்கள் மரியாதையுடன் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்ற எண்ணமே எனக்குப் பொறுக்கவில்லை.]

இரண்டாவது தொடக்கம்: “விஜேந்திரன் ஹாலிஎல நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தான்.” இது நிற்கட்டும்.

விஜேந்திரன் ஹாலிஎல நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தான். ஆண்டு முழுவதும் ஆணியும் சிமெந்தும் நிறுத்துக் கொடுத்தவன், யாத்திரைக்குரிய மலைக்காலம் பிறந்ததும் வேறு மனிதனாகிவிடுவான். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைத் திரட்டி, வெலிமடை, நுவரெலியா, அட்டன் வழியாகச் சிவனொளிபாதமலைக்கு அழைத்துச் செல்வான். இரவெல்லாம் ஏறி, உச்சியில் நின்று, சூரிய உதயம் கண்டு இறங்குவார்கள். அவனே குழுத்தலைவன். எவர் எங்கே அமர்வது, எவர் எதைச் சுமப்பது என்பவற்றை அவனே தீர்மானித்தான்.

அவன் மனைவி நிரஞ்சலா ஒருமுறையும் அவனுடன் சென்றதில்லை. அவளுக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடமே விட்டுச் செல்வார்கள். ஆதலால் விடுமுறை கிடைப்பதில்லை. அதனாலென்ன, விஜேந்திரன் உதயத்தை வீட்டுக்கே கொண்டுவந்தான். திரும்பி வந்ததும் குளிக்காமல்கூட, அடுப்பங்கரையில் கால்களை நீட்டி அமர்ந்து, கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்தபடியே ஆரம்பிப்பான்.

“மொதல்ல ஒன்னுமே தெரியாது புள்ள. கறுப்பு. பொறவு ஊதுபத்தி கொளுத்துன மாரி ஒரே ஒரு சொட்டு நெருப்பு. அடுத்து பாத்தா, காஞ்ச தாச்சியில முட்டய ஒடச்சு ஊத்துனாப்ல வந்து விழும். விழுந்து, நின்ன எடத்துல குதிக்கும். சாமிய கும்புடுது. நீ என்ன நெனச்ச, சூரியனுக்கும் பயமிருக்கு.”

“அப்பிடியாங்க,” என்பாள் நிரஞ்சலா.

“பின்னால திரும்புனா மலையோட நெழலு. மேகத்து மேல கூடாரம் அடிச்ச மாரி.”

“அப்பிடியா.”

முதலாம் ஆண்டு அவன் கூற்றில் சூரியன் வெறுமனே உதித்தது. அடுத்த ஆண்டு நடுங்கியது. அதற்கடுத்த ஆண்டு குதித்தது. பின்னர் ஆண்டுதோறும் ஒரு குதி கூடிற்று. அவள் அடுப்பை மறந்து கேட்டாள். அவ்வாறு கேட்கப்படுவதற்காகவே அவன் மலையேறினான் என்று நான் எழுதினால், அது மிகையாகாது.

3. ஊசியும் நூலும்

இவ்வாண்டு பிள்ளைக்காம்பராவுக்கு இரண்டாவது ஆள் வந்தாள். நிரஞ்சலாவுக்கு விடுமுறை கிடைத்தது. பயணத்துக்கு முந்திய ஞாயிறன்று விஜேந்திரனின் வாசலில் கூட்டம் கூடிற்று. வேன் சாரதி சுரேஸ் வந்திருந்தான். அடுத்த வீட்டு ரெங்கம்மாவும் வந்திருந்தாள். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அவளுக்கு இதுவே முதற்பயணம்.

“ரெங்கம்மாக்கா, முட்டி தாங்குமா?” என்று சுரேஸ் வினவினான்.

“ஏறயில சாமி இழுத்துக்கும். எறங்கயில நீ தூக்கிக்க.”

“நான் வேனோட கீழல்ல இருப்பேன்.”

“அப்ப உருண்டு வாறேன். கதவ மட்டும் தொறந்து வையி.”

மலைக்கு முதன்முறை ஏறுபவரைக் கோடுகாரர் என்பார்கள். அவர்கள் வழியில் ஓரிடத்தில் ஊசியில் நூல் கோத்து விட்டுச் செல்வது வழக்கம். குழுத்தலைவன் என்ற முறையில் விஜேந்திரன் ஊசிகளையும் வெள்ளை நூலையும் வாங்கி வைத்திருந்தான்.

“கோடுகாரவுங்க எல்லாம் கைய நீட்டுங்க,” என்றான். நீட்டிய கைகளில் வைத்தான். நீட்டாத ஒரு கையைத் தானே பிடித்து விரித்து, அதிலும் ஒன்றை வைத்தான். அது மனைவியின் கை. அவள் அதனை ஒரு கணம் பார்த்துவிட்டு ரெங்கம்மாவிடம் நீட்டினாள்.

“இதயும் வச்சிக்கங்கக்கா. ஒன்னு தொலஞ்சா ஒதவும்.”

“ஏன்டி, ஒனக்கு வேணாமா?”

“எனக்கு எதுக்கு. நான் கோடுகாரி இல்லயே.”

 சுரேஸ் முந்திக்கொண்டு கேட்டான்.

“அப்ப மேல மணி எத்தன அடிப்பீங்க அக்கா?”*

நிரஞ்சலா சுரேஸைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்த்தாள்.

“அங்க வந்து எண்ணிக்கங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். விஜேந்திரனும் சிரித்தான், சற்றுத் தாமதமாக.

* உச்சியில் ஒரு மணி உண்டு. ஒருவர் எத்தனை முறை மலையேறியிருக்கிறாரோ அத்தனை முறை அதனை அடிப்பார். அவ்விடத்தில் கூட்டியோ குறைத்தோ அடிக்க ஒருவரும் துணிவதில்லை.

4. பொறாமைக்காரனின் எழுத்துத் திறன்

அவள் எதையும் திட்டமிட்டு மறைத்துவிடவில்லை. திருமணத்திற்கு முன்னர் அவள் அட்டனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தாள் என்பது அவனுக்குத் தெரியும். அட்டன் கடைகளில் வேலை செய்வோர் மலைக்காலத்தில் கூட்டமாக ஏறுவார்கள் என்பதும் தெரியும். இரண்டையும் அவன் ஒருபோதும் சேர்த்துப் பார்க்கவில்லை. மலையைத் தானே கண்டுபிடித்தவன் போல் வாழ்ந்துவிட்டவன் செய்யக்கூடிய பிழை இது.

இனி அவன் சேர்க்கலானான். முன்னொரு காலத்தில் அவள் ஒரே ஒருமுறை குறிப்பிட்ட பெயர் அவன் நினைவுக்கு வந்தது. இன்பாஸ். அந்தப் புடவைக்கடையில் காசாளர். நன்றாகப் பாடுவார். அவ்வளவுதான் அவள் கூறியது. கடையில் சிமெந்து நிறுக்கும் நேரத்திற்குள், விஜேந்திரன் அந்த இன்பாஸுக்கு நீல நிறக் கம்பளிச் சட்டை அணிவித்தான். நெற்றியில் விழும் முடி வைத்தான். கையில் டோர்ச் கொடுத்தான். இன்பாஸ் ஒரு படி முன்னே ஏறித் திரும்பி நின்று, வெளிச்சத்தைத் தன் காலடியில் அன்றி அவள் காலடியில் பிடித்தான். களைத்த இடத்தில் பாடினான். அந்தப் பாட்டின் இராகம்கூட விஜேந்திரனுக்குக் கேட்டது.

இங்கே நான் ஒன்றைப் பதிவு செய்தல் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு முகம் அமைக்க நான் பல நாட்கள் முயன்று தோற்றேன். நான் எழுதியது: “அவன் ஒரு வாலிபன், சற்றே உயரமான—” [கைவிடப்பட்டது.] விஜேந்திரனோ, பேனா பிடிக்காமலே, டோர்ச் வெளிச்சம் விழுந்த இடத்தைக்கூட அமைத்துவிட்டான். சான்று எதுவுமின்றி, ஒற்றைப் பெயரிலிருந்து ஒரு முழு இரவைக் கட்டி எழுப்புதல் எழுத்தாளனின் தொழில் அல்லவா? என் பாத்திரம் என்னிலும் சிறந்த எழுத்தாளன். இதனை மகிழ்ச்சியுடன் எழுதுகிறேன் என்று தாங்கள் எண்ண வேண்டாம்.

எனினும் அவனை மெய்யாகவே எரித்தது இன்பாஸ் அல்லன். அது ஊதுபத்தியும் முட்டையும் கூடாரமும். அவள் அத்தனை ஆண்டுகளும் “அப்பிடியா” என்றாளே. தான் கண்டதையே, இன்னொருவன் அருகில் நின்று கண்டதையே, முதன்முறை கேட்பவள் போல் கேட்டிருந்தாளே.

5. இருக்கை

ஆகவே அவன் அவளை வேனிலிருந்து இறக்கத் தீர்மானித்தான்.

“சுரேஸ், எடம் பத்தாது போல இருக்கே.”

“தாராளமா இருக்குண்ணே. பின் சீட்டு சும்மாதான் கெடக்கு.”

“சாமான் வைக்கணுமே.”

“அத அக்கா மடியில வைப்போம்.”

“அவளுக்கு வேன் ஒத்துக்காது. வாந்தி வரும்.”

“ஏண்ணே, கண்டி கல்யாணத்துக்கு என் வேன்லதான வந்தாங்க. வாந்தி எடுத்தது நீங்கல்ல.”

இச்செய்தி மாலைக்குள் நிரஞ்சலாவின் காதுக்கு எட்டிற்று. அவள் சண்டையிடவில்லை. “வேன்ல எடம் இல்லாட்டி பரவால்லங்க. நான் பஸ்ஸுல வந்து அங்க நிப்பேன். எனக்கு வழி தெரியும்,” என்றாள். அந்த மூன்று சொற்கள், எனக்கு வழி தெரியும், அவனை இரண்டு நாட்கள் உண்ண விடவில்லை. இருக்கை திரும்பக் கிடைத்தது.

6. முடிவுகள் சில

(அ) உச்சியில் அவள் மணியை அடிக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று... அது நிற்கவேயில்லை. [மிகை. அவன் மீது எனக்கிருந்த பொறாமையால் இவ்வாறு எழுதினேன்.]

(ஆ) அவன் மனம் நோகாதிருக்க அவள் ஒரேயொரு முறை அடித்துவிட்டுக் கயிற்றை விடுகிறாள். [அவள் இணங்கவில்லை. சாமி முன்னிலையில் பொய் சொல்ல வைக்க நான் யார் என்பது போல் நின்றாள்.]

(இ) இன்பாஸ் அங்கே வருகிறார். [வரமாட்டார்.]

7. நடந்தது

புறப்படும் நாள் நண்பகல். நிரஞ்சலா தேங்காய் ரொட்டிகளைப் பொதிகளாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் நின்றான். உள்ளே வரவுமில்லை, வெளியே போகவுமில்லை.

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலயே.”

“வருசா வருசம் வந்து சொன்னேன். வாயப் பாத்துக்கிட்டே இருந்த. மனசுக்குள்ள சிரிச்சிருப்ப.”

அவள் பொதியின் முடிச்சை இறுக்கினாள்.

“நான் போன நேரமெல்லாம் மூட்டந்தாங்க. மழ, இல்லாட்டி பனி. பக்கத்துல நிக்கிற ஆளு மொகமே தெரியல. விடிஞ்சிருச்சுன்னு யாரோ சொன்னாங்க, எறங்கிட்டோம். ஒருக்காவும் சூரியன நான் பாத்ததில்ல.”

“ஒருக்காவும்?”

“நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். குதிக்கும்னு சொன்னீங்கள்ல. அதப் பாக்கத்தான் வாறேன்.”

[“பக்கத்துல நின்ன ஆளு யாரு?” இக்கேள்வியை நான் எழுதி அவன் வாயில் வைத்தேன். அவன் அதனைக் கேட்கவில்லை. அவனுக்கு அப்போது வேறொரு கவலை வந்துவிட்டது.]

அவள் கூறியது மெய்யா, இரக்கமா? அறியேன். அவனும் அறியான். மெய்யாயின், அவளிடம் உள்ள ஒரே உதயம் அவன் கொடுத்தது. நாளைக் காலை உண்மையான உதயம் வந்து அதன் அருகில் நிற்கும்.

வெளியே சுரேஸ் ஹோர்ன் அடித்தான். ரெங்கம்மா தன் பையை அணைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். நமுனுகுல மலை உச்சிவரை தெளிவாகத் தெரிந்தது.

“வானம் தொடச்சு வச்சாப்ல இருக்கு. நாளைக்கு நல்லாத் தெரியும் தம்பி.”

 வேன் புறப்படுமுன் சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்து, நல்ல உதயம் வேண்டும் என்று எல்லோர் சார்பிலும் வேண்டிக்கொள்வது குழுத்தலைவனின் கடமை. விஜேந்திரன் சூடம் ஏற்றினான். கண்களை மூடினான். வழக்கத்தை விட நீண்ட நேரம் மூடியிருந்தான். அவன் என்ன வேண்டினான் என்பதை நான் மட்டுமே கேட்டேன்.

மூட்டம் வேண்டும் என்று வேண்டினான்.

8. முடிவுரை

வேன் வெலிமடைப் பாதையில் திரும்பிவிட்டது. அவன் முன்னிருக்கையில், அவள் அவனுக்குப் பின்னால். இன்பாஸை அவன் மறந்துவிட்டான். இப்போது அவனுடைய பொறாமையெல்லாம் சூரியன் மீதே.

உச்சியின் வானத்தை நான் எழுதவில்லை. எழுத முயன்றபோது, பேனா மேகத்தையே நாடிற்று. நான் அவன் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆகவே அதனைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். மூட்டம் தந்தால், அவள் மறுபடியும் ஒன்றும் காணாமல் இறங்குவாள். அவன் நிம்மதியாக இறங்குவான். தெளிந்த வானம் தந்தால், சூரியன் வரும், அது குதிக்காது, அவள் சற்று நேரம் பொறுத்திருந்துவிட்டு அவன் பக்கம் திரும்புவாள்.

அங்கு ஏறியவர்கள் தாங்கள். அவள் அப்போது என்ன சொல்வாள் என்பதைத் தாங்களே எழுதுங்கள். எழுதியபின் எனக்குக் காட்ட வேண்டாம்.