அந்தப் பக்கத்துப் பின்கோடு

ஜோஸ்னாவுக்குக் கேரள எல்லையோர நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன வெப்சைட் கம்பெனியில் வேலை. அவள் போகும் கிறிஸ்தவ சபையின் நோயாளி உதவிக் குழுவுக்கு, ஆக்ஸிஜன் மிஷின் கேட்டு விண்ணப்பிக்கும் பக்கத்தை அவள்தான் செய்துகொடுத்தாள். யாரோ விளையாட்டுக்கு டெல்லி, மும்பை விலாசங்களாகப் போட்டு நிரப்பவும், குழுச் செயலாளர் ஜெயசிங் அவளிடம் வந்து புலம்பினார். கேரளத்துப் பின்கோடு இல்லையென்றால் பக்கம் ஏற்காதபடி அவள் ஒரு விதி எழுதிச் சேர்த்தாள்.

"மிடுக்கியாக்கும் நீ, கெட்டிக்காரி!" என்றார் அவர். அவளுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

ஒரு நாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம், அப்பாவின் தங்கை சரோஜம் போனும் கையுமாக வந்து நின்றாள். ஞாயிறுதோறும் இதே சபைக்கு வருகிறவள்தான். வீடு மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில்.

"மக்களே, இதொண்ணு பாரு. வீட்டுல மிஷின் வச்சா போதும்னு மாமாவெ ஆஸ்பத்திரியில இருந்து விட்டாச்சு. ரெண்டு நாளா எழுதுறேன், பின்கோடு தப்புன்னே சொல்லுது. மனுஷன் படுக்க முடியாம இருந்துக்கிட்டே உறங்குதாரு."

திரையில் சிவப்பு எழுத்து. ஜோஸ்னா எழுதிய வாக்கியம்.

"நெட்டு சரியில்ல மாமி" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, அறைக்குள் போய் அந்த விதியை அழித்தாள். திரும்பி வந்து மாமியின் விவரத்தைப் போட்டதும் பக்கம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஜெயசிங்கை அழைத்தாள். மிச்சமிருந்த ஒரே மிஷினும் நேற்று சாயங்காலம் தனுவச்சபுரத்தில் வேறொரு நோயாளிக்குப் போய்விட்டதாம்.

"போட்டும் மக்கா" என்றாள் சரோஜம். "படிப்பில்லாதவ எழுதினா இப்பிடித்தான். நேத்தைக்கே உன்ன விளிச்சிருக்கணும்."

ஜோஸ்னாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மாமி சரியாத்தான் எழுதினிய. நெட்டுக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கத்து ஆளை எடுக்காதேன்னு எழுதி வச்சது நானாக்கும்."

சரோஜம் அவளையே பார்த்தாள்.

"ஓ! கிறிஸ்துமஸுக்குக் கேக்கு தின்ன வாறப்போ எங்க பின்கோடு உனக்குத் தப்பாத் தெரியல்லியே?"

யாரும் சிரிக்கவில்லை. "ஆட்டோ விளி. திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போவோம்" என்றாள் சரோஜம்.

சரோஜத்தின் வீட்டில் மாமா வேதமாணிக்கம் மேசையில் குப்புறச் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஜோஸ்னா அவர் கையைத் தன் தோளில் போட்டு எழுப்பினாள். வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்று தரம் நின்றார்.

"உனக்கு... வேலை கெடுமே மக்களே" என்றார் மூச்சுக்கு நடுவில்.

பின்கோடு விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. அவள் சரோஜத்தைத் திரும்பிப் பார்த்தாள். சரோஜம் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். முகம் கொடுக்கவில்லை.