காய்ச்சலுக்குப் பின் எடுத்த ரத்தம்

ஆய்வகத்தில் அவளுக்கு ‘ஸ்கேல் அக்கா’ என்று பெயர். சோதிக்க வருகிற எல்லார் ரத்தத்தையும் அவள் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் கணக்குச் சொன்னார்கள். குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர், செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் கொஞ்சம் தேயும்; தேயத் தேய முதுமை. எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, ‘உங்கள் செல்வயது’ என்று பளபளக்கும் அட்டையில் அச்சடித்துக் கொடுப்பதுதான் அங்கே பிழைப்பு. ஒப்பிடுவதற்காக அவள் ரத்தம் நிரப்பி வைத்த குழாய்கள் தீர்ந்தால் அவள் கையை நீட்டுவாள். ஆறு வருஷப் பழக்கம்.

அன்று காலை, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் அட்டையை ஆட்டிக்கொண்டு வந்தார். போன வருஷம் அறுபத்தாறு. இந்த வருஷம் ஐம்பத்தேழு.

“ஒம்போது வயசு கொறஞ்சிருக்கும்மா! சிகரெட்ட விடு, விடுன்னு டாக்டர் உயிரை வாங்கினாரு. நேத்தே திரும்ப ஆரம்பிச்சிட்டேன்.”

“அடுத்த வருஷம் வாங்க சார், பொண்ணு பாத்துடலாம்,” என்றாள் வரவேற்பில் இருந்தவள்.

ஸ்கேல் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதம் வந்த அத்தனை பேருக்கும் வயது குறைந்திருந்தது. ஊரே சேர்ந்து இளமையாகுமா என்ன? பதிவேட்டைப் புரட்டினாள். புதுக் குழாய்களுக்கு அவள் ரத்தம் கொடுத்தது, வைரஸ் காய்ச்சலில் பன்னிரண்டு நாள் கிடந்து எழுந்த மூன்றாவது வாரம். கூப்பிட்டார்கள், நீட்டினாள். யோசிக்கவேயில்லை.

உறைபெட்டியின் அடியில், காய்ச்சலுக்கு முந்தைய குழாய் ஒன்று மிச்சம் இருந்தது. அதை வைத்து, புதுக் குழாயையும் ஓட்டுநரின் ரத்தத்தையும் மறுபடி அளந்தாள். மத்தியானம் தெரிந்துவிட்டது: புதுக் குழாயில் இருந்த அவள் ரத்தம்தான் தேய்ந்திருந்தது. கிருமியோடு மல்லுக்கட்டிய வெள்ளணுக்கள் பிரிந்து பிரிந்து தேய்ந்திருக்கலாம். தேய்ந்த அணுக்களே அப்போது ரத்தத்தில் அதிகம் சுற்றியிருக்கலாம். எதுவானால் என்ன, அளவுகோல் குட்டையானால் அளக்கப்படுகிறவர் எல்லாரும் நெட்டைதான். யாரும் இளமையாகவில்லை. தேய்ந்தது அவள். நாற்பத்தொரு வயதுக்காரியின் செல்வயது ஐம்பத்தொன்று.

மேலாளர் அவள் நீட்டிய தாளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

“இருநூத்திப் பதினாலு பேருக்கு அட்டை போயாச்சு. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. ஏம்மா வம்பை விலைக்கு வாங்குற?”

“ஒருத்தர் சிகரெட்டத் திரும்பத் தொட்டுட்டாரு சார்.”

“ரத்தம் குடுத்தது யாரு? நீ. வெளிய தெரிஞ்சா முதல்ல போறது உன் வேலை. அப்புறம் ஐம்பத்தொண்ணுன்னு வந்த உடம்ப எவன் வேலைக்கு வைப்பான்னு நீயே அலையணும்.”

“தப்பு என்னோடதுதான். ஆனா என் லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டதும், ‘குழாய் தீந்துடுச்சு, சீக்கிரம் வா’ன்னு போன் அடிச்சதும் நீங்க.”

மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார்.

“இந்தக் காய்ச்சல் என்கிட்டேருந்து எதைப் புடுங்கிட்டுப் போச்சோ தெரியாது,” என்றாள். “அது திரும்ப வருமான்னும் தெரியாது. ஆனா எனக்குத் தேஞ்சத அவங்களுக்கு வளந்ததா எழுத விடமாட்டேன்.”

கதவைத் திறந்துகொண்டு நேராக வரவேற்பு மேசைக்குப் போய்ப் போனை எடுத்தாள். முதல் எண் ஓட்டுநருடையது.

“சார், உங்க அட்டை தப்பு. அறுபத்தேழு.”

“ஒம்போது வருஷத்தக் குடுத்துட்டுப் புடுங்குறீங்களேம்மா, நியாயமா?”

“யாரும் குடுக்கல சார். கையில இருக்கறத அணைங்க.”

அவர் ஒரு வசவை உதிர்த்தார். பிறகு எதையோ நசுக்கும் சத்தம் கேட்டது.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். “நாளைக்கு நீ வரவேண்டாம்.”

“சரி சார். இன்னும் இருநூத்திப் பதிமூணு பேர் இருக்காங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, லிஸ்ட்டு மேல நிழல் விழுது.”

அடுத்த எண்ணை அழுத்தினாள்.