இன்னும் இருக்கிறேன்

பேக்கரியில் இறைச்சி வைத்துச் சுட்ட பூரெக் வாங்க வந்தவர்களின் வரிசை கதவைத் தாண்டி நடைபாதைவரை நீண்டிருந்தது. தீர்ந்துபோன ரசீதுச் சுருளை எடுத்துவிட்டு, கல்லாவில் நின்ற தேசங்கா புதிதாக ஒன்றை மாட்டியதும், வழக்கம்போல் கல்லா இயந்திரம் அப்படியே நின்றுவிட்டது. அதை மறுபடி ஓடவைக்கும் வித்தை கடையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"சீக்கிரம்மா, பூரெக் ஆறிப்போகுது!"

"சுருளை முழுங்கிட்டு ஏப்பம் விடுது, அண்ணே. கொஞ்சம் பொறுங்க."

அந்தக் கோளாறுக்குத் திருத்தத்தை அவளே குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதி அனுப்பியிருந்தாள். ரசீது அச்சடிப்பது ஒரு திறந்த மூல நிரல். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். சேர்ந்துவிட்டால் வேலை தருவதாக பெல்கிரேடில் ஒரு மென்பொருள் நிறுவனம் சொல்லியிருந்தது. பொறுப்பாளரோ சம்பளமில்லாத ஒற்றை ஆள். ஊர் உலகமெல்லாம் அனுப்புவதை அவர் எப்போது பார்ப்பது? நாள்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் திருத்தத்தை ஒரு தானியங்கி நிரல் பட்டியலிலிருந்து நீக்கி மூடிவிடும். அது எச்சரிக்கும்போதெல்லாம் 'இன்னும் இருக்கிறேன்' என்று எழுதி, தன் திருத்தம் மூடப்படாமல் காத்துவந்தாள்.

ஈஸ்டர் நெருக்கத்தில் கூட வேலைபார்த்த நெவெனா காய்ச்சலில் படுத்தாள். இருவர் வேலையும் தேசங்கா தலையில் விழுந்தது. வீடு திரும்பியதும் காலணியைக்கூடக் கழற்றாமல் தூங்கினாள். எழுத மறந்தாள். தானியங்கி நன்றி சொல்லி மூடிவிட்டது.

திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள். பொறுப்பாளர் பதில் போட்டார்: "மன்னிச்சிருங்க தேசங்கா. ஒரு பெரிய கம்பெனிக்காரங்க இதே கோளாறைச் சரிபண்ணி அனுப்பினாங்க. நம்ம சர்வர் அவங்க தயவுல ஓடுது, உடனே பாக்க வேண்டியதாப் போச்சு. சேர்த்துட்டேன்."

அதைத் திறந்து படித்தாள். அவள் யோசித்த அதே வழி, அவள் எழுதிய அதே வரிகள். பெயர் மட்டும் வேறு. பெல்கிரேடுக்குக் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை.

மே மாதம் கல்லா நிரலின் புதிய பதிப்பு, அந்தப் பெரிய கம்பெனியின் பெயரோடு வந்தது. சுருள் தீர்ந்ததும் வேறு மாட்டினாள். இயந்திரம் நிற்கவில்லை. கடை முதலாளி ராதோயே பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"பாத்தியா? பெரிய கம்பெனின்னா சும்மாவா!"

"அது நான் எழுதினது, முதலாளி."

"நீயா? அப்ப பூரெக்கையும் நீதான் கண்டுபிடிச்சியா?" சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "இனிமே மெஷின் நிக்காதுல்ல. கல்லாவுக்கு நெவெனா ஒருத்தி போதும்மா. இந்த மாசத்தோட நின்னுக்கோ."

வரிசை நகர்ந்தது. ரசீதுகள் தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தன. தேசங்கா ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுத்தாள்.