கழுவிய இலை

அண்ணன் இறந்தபின் தைல மர நாற்றுப் பண்ணையை அண்ணிதான் நடத்துகிறார். நான் பூச்சி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை அவர் கொடுத்த இலைகளைப் பார்த்துவிட்டு, "பழைய பூச்சிதான். நாற்றுகளை அனுப்பலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன்.

திங்கள் காலை போன் வந்தது.

"கொழுந்தனாரே, லாரில பாதி ஏத்தியாச்சு. இலைமேல வெள்ளையா, சின்னச் சிப்பி கவுத்த மாதிரி இருந்துச்சே, அதப் பாத்தீங்களா?"

சனிக்கிழமை எழுதிய குறிப்பைப் புரட்டினேன்.

"லைன்ல இருக்கீங்களா, தவம் பண்றீங்களா?"

"இலையக் கழுவிட்டுத்தான் பாத்தேன் அண்ணி."

தூசி ஒட்டியிருந்தால் உருப்பெருக்கியில் பூச்சியின் கால்களும் உணர்கொம்புகளும் தெளிவாகத் தெரியாது. அதனால் கழுவுவேன். இருபது வருடப் பழக்கம்.

"நல்லா கழுவினீங்க, போங்க! உங்க அண்ணன் ஒரு நாளாச்சும் சாப்பிட்ட தட்டக் கழுவியிருப்பாரா?" சிரித்துவிட்டு, யாரிடமோ, "ஏத்தறத நிறுத்துப்பா" என்றார்.

பண்ணைக்கு ஓடினேன். ஊசியால் ஒரு வெள்ளை மூடியை நெம்பினேன். பூச்சி சாற்றை உறிஞ்சி, கழிவுச் சர்க்கரையால் தனக்கு மேலே கட்டிக்கொண்ட கூரை அது. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்; கூரை போனால் பழைய பூச்சி போலவே தெரியும். அடியில் மஞ்சள் குஞ்சு ஒன்று அசைந்தது. இந்த வகை இங்கே இதுவரை இருந்ததில்லை. லாரி போயிருந்தால் பன்னிரண்டு தோட்டங்களில் இறங்கியிருக்கும்.

"புதுசா?" என்றார் அண்ணி.

தலையாட்டினேன்.

"அப்ப எல்லாத்தையும் எரிக்கணும்."

"ஆமா."

அவர் வரிசை வரிசையாக நின்ற நாற்றுகளைப் பார்த்தார். ஒரு வருட உழைப்பு. புதுப் பூச்சி என்றால் எரிக்க வேண்டிவரும் என்று போன் செய்யும்போதே அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கையில் என் சீட்டு இருந்தது. பேசாமல் அனுப்பியிருக்கலாம். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். என்னைத்தான் கேட்டிருப்பார்கள்.

"ஏன் அண்ணி கூப்பிட்டீங்க?"

"சந்தேகம் வந்துருச்சு. அத மனசுல வச்சுக்கிட்டு எப்படிச் சோறு இறங்கும்?"

சீட்டை வாங்கி, குறுக்கே கோடு போட்டு, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். புதிய அறிக்கையில் "முதலில் கண்டவர்" என்ற இடத்தில் அண்ணியின் பெயரை எழுதினேன். பிறகு, எனக்குச் சுலபமாக வராத ஒரு சொல்லைச் சொன்னேன்.

"நன்றி அண்ணி."

"அடேயப்பா, வாயத் தொறந்துட்டாரு!" கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரி விளிம்பிலிருந்த நாற்றுத் தட்டைப் பற்றினார். "அந்தப் பக்கம் பிடிங்க. லாரியிலேருந்து இறக்கணும்."

பிடித்தேன்.