குதிரை ஏன் திரும்பிப் போனது

கணினிக்கு அடிதடி தெரியும், காத்திருக்கத் தெரியாது என்று செஸ் பத்திரிகையில் பத்து வருஷமாக எழுதிவந்தவன் நான். ஹெர்பன் என்ற என் பெயரைக் கேட்டாலே ஹேக் நகரத்து ஆட்டக்காரர்களுக்கு அந்த வாக்கியம்தான் ஞாபகம் வரும். அவசரமில்லாமல் ஒவ்வொரு காய்க்கும் நல்ல இடம் பார்த்து உட்காரவைப்பது என் ஆட்டம். பொறுத்தார் பூமி ஆள்வார். அதையும் ஒரு கணினிப் பெட்டி செய்துவிட்டால் என்னிடம் வேறு சரக்கு கிடையாது.

தொண்ணூற்றைந்தில், மனிதர்களுக்கும் கணினிகளுக்கும் நடந்த போட்டி அது. எனக்கு எதிரே சீட்ஸ்கே உட்கார்ந்திருந்தாள். போட்டியை நடத்திய இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரி. திரையில் வருவதைப் பார்த்துப் பலகையில் காய் நகர்த்துவது மட்டுமே அவள் வேலை.

பதினேழாவது நகர்த்தலில் ஒரு சிப்பாயைச் சும்மா விட்டேன். பெட்டிகளுக்கென்றே நான் வைக்கும் தூண்டில். தின்னும், அப்புறம் திணறும். இந்தப் பெட்டி தின்னவில்லை. நன்றாக நின்ற குதிரையைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பிக்கொண்டு போனது. நான் சிரித்துக்கொண்டே மோரைக் குடித்தேன்.

எட்டு நகர்த்தலுக்குப் பிறகு அதே குதிரை வேறு வழியாகச் சுற்றிவந்து நடுப்பலகையில் உட்கார்ந்தது. அதை விரட்ட என்னிடம் காய் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் ஆடியிருப்பேன். மூக்கறுபட்டதைவிட அதுதான் வலித்தது. தோல்வியை ஒப்புக்கொண்டு சீட்ஸ்கேவுக்குக் கை கொடுத்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவனும் தோற்றவனும் காய்களை மறுபடி அடுக்கி, எங்கே கெட்டது என்று பேசுவோம். என்னை விட்டுப்போன மனைவியைக் கட்டிக்கொண்டவனோடுகூட அப்படி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். பழக்கதோஷம், கை தானாக அடுக்கியது.

"குதிரைய எதுக்கும்மா பின்னாடி எடுத்துச்சு?"

"எனக்கென்ன சார் தெரியும்? காய் எப்படி நகரும்னே போன வாரந்தான் கத்துக்கிட்டேன்."

"சிப்பாயத் தின்னா மாட்டிக்குவோம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"திரையில நம்பர்தான் சார் ஓடுச்சு. அழறீங்களா?"

"சளிம்மா."

கூடம் முழுக்க ஆட்டங்கள் முடிந்துகொண்டிருந்தன. எந்த மேஜையிலும் பேச்சில்லை. என் ஆட்டம் புரிகிற ஒருவன் எதிரே வந்து உட்கார மாட்டானா என்று முப்பது வருஷம் ஏங்கியிருக்கிறேன். அன்று வந்தது.

"நல்லா ஆடுச்சுன்னு அதுகிட்ட சொல்லு. நான் எழுதுனது தப்புன்னும் சொல்லு."

"அணைச்சுட்டேனே சார்," என்றாள் சீட்ஸ்கே, வயரைச் சுருட்டியபடி.